பன்னிரண்டாவது நிமிடம்

“அந்தப் படப்பதிவை எனக்குத் தாருங்கள்,” என்றாள் தக்சிலா.

கேணல் ரூஸ்தாட் தகன மண்டபத்து வாசலில் நின்று தொப்பியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தார். இரங்கல் சொல்ல நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கடையில் பற்றுச்சீட்டுக் கேட்பது போல, நோர்வேஜிய மொழியில் இன்னொரு தடவையும் சொன்னாள்.

“ஆறாம் திகதிப் பயிற்சியின் பதிவு. அப்பா விழுந்தது அதில் இருக்கிறது. அது உங்களிடம் இருக்கிறது.”

பத்து நாளாக வீட்டில் அவளுக்குச் சொல்லப்பட்ட ஒரே புத்திமதி, இதைக் கேட்கக்கூடாது என்பதுதான். அம்மா அழுதபடி சொன்னாள். மாமா அழாமல் சொன்னார். “எதை வேணுமெண்டாலும் கேள் பிள்ளை. அதை மட்டும் கேட்டிராதை.”

ரூஸ்தாட் குரலைத் தாழ்த்தினார். கோபமாக நிற்பவர்கள் முன்னால் குரலைத் தாழ்த்துவது எப்படி என்று பல வருடமாகப் பாடம் நடத்துகிறவர் அவர்.

“தக்சிலா, இன்று உன் அப்பாவின் நாள்.”

“அதனால்தான் கேட்கிறேன்.”

“அந்தப் பதிவில் பன்னிரண்டு பயிலுநர்கள் இருக்கிறார்கள். இளம் அதிகாரிகள். இரண்டு பேர் தூதரகப் பணிக்குப் போகிறவர்கள். அவர்களுடைய வாழ்க்கை இப்போதுதான் தொடங்குகிறது. அதையும் நாம் மதிக்கவேண்டும்.”

“அப்பாவும் அதில் இருக்கிறார். சேர்த்து எண்ணினால் பதின்மூன்று.”

அம்மா சிவநாயகி வெள்ளைச் சேலையோடு விரைந்து வந்து தக்சிலாவின் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள். கேணலைப் பார்த்து “தக், தக்” என்று இரண்டு தரம் நன்றி சொன்னாள். சிவநாயகிக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் பாதி அந்த ஒரு சொல்தான். கேணல் தலைகுனிந்து உள்ளே போனார். முதல் வரிசையில், குடும்பத்துக்கு அடுத்த கதிரை அவருக்கென்று விடப்பட்டிருந்தது.

“செத்தவீட்டிலை சண்டை பிடிக்கிறியோ?” என்றாள் அம்மா.

“சண்டை இல்லையம்மா. கேள்வி.”

“ரெண்டும் ஒண்டுதான் உனக்கு.”

அப்பா பாக்கியராசா இருபது வருடம் ஒஸ்லோவில் பேருந்து கழுவினார். வருடத்தில் நாலு தடவை லீவு போட்டுவிட்டு இன்னொரு வேலைக்குப் போனார். நகரத்துக்கு வடக்கே, ஒரு மணி நேர ஓட்டத்தில், காட்டுக்குள் ஒரு பழைய முகாம். உலகத்தின் எந்த மூலையிலாவது அமைதி காக்கப் போகிற இராணுவ அதிகாரிகளுக்கும் இராஜதந்திரிகளுக்கும் அங்கே பயிற்சி. பயிற்சிக்கு ஒரு பொய்க் கிராமம் கட்டியிருந்தார்கள். நாலு மரக்கொட்டில், ஒரு சோதனைச்சாவடி, கயிற்றில் காயப்போட்ட பழைய சாரங்கள். கிராமத்துக்குச் சனம் வேண்டுமே. அகதிகள் குடியிருந்த ரொம்சோஸிலும் திராமனிலும் சனத்தைப் பிடித்தார்கள். உண்மையான சோதனைச்சாவடிகளைத் தாண்டி வந்தவர்கள் மலிவாகக் கிடைக்கிற நாடு அது.

பாக்கியராசா கிராமத் தலைவர். ஊர்ப் பையன் ஒருவனை ஆயுதக்காரர் கொண்டுபோய்விட்டார்கள், வந்து நிற்கிற அமைதிப்படையிடம் அவர் நியாயம் கேட்கவேண்டும். தமிழில் மட்டும் கத்தவேண்டும். நோர்வேஜிய மொழி ஒரு சொல்லும் வரக்கூடாது. யாரையும் தெரிந்ததாகக் காட்டக்கூடாது. அவருக்கும் அதிகாரிகளுக்கும் நடுவே நின்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அவருடைய மைத்துனர் அருட்செல்வம், தக்சிலாவின் மாமா. இரண்டு பேரும் ஒரே காரில் போவார்கள். ஒரே பார்சலில் இடியப்பம் சாப்பிடுவார்கள். முகாம் வாசலைத் தாண்டியதும் ஒருவரை ஒருவர் தெரியாது. மைத்துனர்கள் என்று தெரிந்தால் ஒருவருக்கு வேலை போய்விடும் என்று பயந்து, ரூஸ்தாட்டுக்குக்கூட அவர்கள் சொன்னதில்லை.

கோவில் அன்னதான வரிசையில் ஆட்கள் அப்பாவைப் பகிடி பண்ணுவார்கள். “என்ன பாக்கி அண்ணை, இந்த முறை போய் எத்தினை தரம் செத்தனீங்கள்?”

“மூண்டு தரம். நாலாம் தரம் தேத்தண்ணி நேரம் வந்திட்டுது, உயிரோடை விட்டிட்டாங்கள்.”

விழுவது அப்பாவே கண்டுபிடித்த வித்தை. முதல் வருடம், 1995இல், கத்திக் களைத்துப்போய், சும்மா ஒரு யோசனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சேற்றில் விழுந்தார். அன்றைய பயிலுநர்களில் ஒரு இளம் கப்டன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்து அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். அதற்குள் ‘கிராமத்தவர்’ அமைதிப்படையின் வாகனத்தைப் பிடித்துவிட்டார்கள். கப்டன் அந்தப் பாடத்தில் சித்தியடையவில்லை. அந்தக் கப்டன்தான் ரூஸ்தாட்.

அவர் அதை மறக்கவில்லை. பயிற்றுநராகத் திரும்பி வந்து, அந்த விழுகையையே பாடமாக எழுதினார். பன்னிரண்டாவது நிமிடத்தில் கிராமத் தலைவர் விழவேண்டும். இடத்தை விட்டு அசையாமல் நின்று பேச்சைத் தொடர்கிறவர் தேறினார். விழுந்தவரிடம் ஓடுகிறவர் தோற்றார். அந்தப் பாடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஜெனீவாவில் விரிவுரை செய்தார். மேஜரானார், லெப்டினன்ட் கேணலானார், கேணலானார். வரப்போகிற 2007 தையில் நியூயோர்க்கில் பெரிய பதவி.

அப்பாவுக்கு அதெல்லாம் பெருமை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பழைய பயிலுநர்கள் அனுப்பிய தபாலட்டைகள் ஒட்டியிருந்தார். கொசோவோ, சூடான், லெபனான். மற்ற வீடுகளில் கிரிக்கெட் ஓட்டம் சொல்வது போல அப்பா பதவி உயர்வு சொல்வார். “இவள் இப்ப தூதுவர். என்னட்டைப் பேச்சு வாங்கி அழுதவள். இவன் பிரிகேடியர்.” ரூஸ்தாட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் குழையும். “எல்லாரிலையும் அவன் ஒருத்தன்தான் பிள்ளை ஓடி வந்தவன்.”

எல்லாரும் ஏறினார்கள். அப்பா பதினொரு வருடமும் கிராமத் தலைவர்.

தக்சிலா பரம்பரையில் முதல் பட்டதாரி. அரசறிவியலில் முதுமாணி. பட்டம் வாங்கியதும் ரூஸ்தாட் தானே அழைத்து அந்த முகாமிலேயே வேலை தந்தார், பாடநெறி ஒருங்கிணைப்பாளர். தை இரண்டாம் திகதி தொடக்கம். அப்பா அந்தக் கடிதத்தைத் தபாலட்டைகளுக்கு நடுவில் ஒட்டினார். “இனி நீதான் எனக்கு எப்ப சாகிறதெண்டு சொல்லப்போறாய்,” என்று சிரித்தார். அதற்கு மூன்றாவது கிழமை, கார்த்திகை ஆறு, முகாமில் விழுந்தவர் எழும்பவில்லை.

அறிக்கை ஒரு பக்கம். திடீரென மயங்கினார், உடனடியாக முதலுதவி அளிக்கப்பட்டது, வைத்தியசாலையில் காலமானார். அறிக்கையோடு விட்டிருப்பாள். ஆனால் வைத்தியசாலை நடைபாதையில், பயிற்சிச் சப்பாத்தில் சேறு காயாமல் நின்ற ஒரு பயிலுநர்ப் பெண் அவளுடைய கையைப் பிடித்து அழுதாள். “நாங்கள் நடிப்பென்று நினைத்துவிட்டோம்.” எவ்வளவு நேரம் நினைத்தீர்கள் என்று கேட்பதற்குள் ஒரு மேஜர் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஐயர் கிரியையை முடித்தார். வாய்க்கரிசி போட்டார்கள். தக்சிலாவின் முறை வந்தபோது அப்பாவின் உதடுகளுக்கு யாரோ நிறம் பூசியிருப்பதைப் பார்த்தாள். கடைசியிலும் ஒப்பனை.

பெட்டியை மூடுவதற்கு முன் கேணல் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தார்கள். மொழிபெயர்க்க அருட்செல்வம் மாமா எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில், அரை அடி பின்னால், நின்றார். கைகளை முன்னால் கோத்துக்கொண்டார். தொழில்முறை நிலை.

ரூஸ்தாட் நன்றாகப் பேசினார். நோர்வேஜிய மொழியில் ஒரு வசனம், பிறகு மாமா.

“பாக்கியராசா எங்களுக்கு ஆசிரியராக இருந்தவர். ஐம்பத்திரண்டு நாடுகளைச் சேர்ந்த அதிகாரிகள் அவரிட்டைப் படிச்சவை.”

சனம் நிமிர்ந்தது. பேருந்து கழுவிய மனிதனைப் பற்றி ஐம்பத்திரண்டு நாடுகள் என்று ஒரு வெள்ளைக்காரன் சொல்கிறான். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடினாள்.

“பயிற்சிக் கிராமத்திலை இருக்கிற மண்டபத்துக்கு அவற்றை பேரை வைக்கிறதெண்டு தீர்மானிச்சிருக்கிறம்.”

பின்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கி, செத்தவீடு என்ற நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

“அவர் விழுந்து ஒரு நிமிசத்துக்குள்ளை எங்கடை ஆக்கள் அவருக்குப் பக்கத்திலை நிண்டவை. செய்யக்கூடிய எல்லாத்தையும் செய்தவை.”

மாமா அதையும் சொன்னார். ஏற்றமில்லை, இறக்கமில்லை. மற்ற வசனங்களுக்கு என்ன குரலோ அதே குரல். ஆனால் சொல்லும்போது அவர் கண்கள் சனத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை; மண்டபத்துக் கதவுக்கு மேலே எரிந்துகொண்டிருந்த பச்சை நிற வெளியேறும் விளக்கில் ஒட்டிக்கொண்டிருந்தன. தக்சிலா அவரையே பார்த்தாள். அப்போதுதான் பத்து நாளாக அவள் கேட்க நினைக்காத கேள்வி வந்தது. படப்பதிவு எதற்கு? அங்கே நின்ற ஒருவர் பத்து நாளாக அவள் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறாரே.

பெட்டி உள்ளே போனது. கதவு இறங்கியது. சனம் பக்கத்து அறைக்கு நகர்ந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்துத் தோய்ந்துவிட்டுத்தான் வாயில் ஏதும் வைப்பது என்பதால் அங்கே கோப்பியும் இல்லை கேக்கும் இல்லை. ஆட்கள் ஒரு பக்கம் தங்கள் மேலங்கிகளையும் மறுபக்கம் தங்கள் பிள்ளைகளையும் தேடினார்கள்.

மாமா நடைபாதையில் சுவரோடு நின்றார். தக்சிலா நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

“அண்டைக்கும் இப்பிடித்தான் சொன்னனீங்களா மாமா?”

“எண்டைக்கு?”

“என்னோடை விளையாடாதேங்கோ. எத்தினையாம் நிமிசம் அப்பா விழுந்தவர்?”

மாமா கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் துணி தேடி, கிடைக்காமல், திரும்பப் போட்டார்.

“அஞ்சிலை,” என்றார்.

“பன்னிரண்டிலை விழவேண்டியவர்.”

“ஓம்.”

“அதுக்குப் பிறகு?”

“பிள்ளை, இஞ்சை வேண்டாம். வீட்டை போய்க் கதைப்பம்.”

“வீட்டிலை பத்து நாள் கதைச்சனாங்கள். இறைச்சி சாப்பிடலாமோ கூடாதோ எண்டு கதைச்சனாங்கள். எட்டுச்செலவுச் சாப்பாட்டுக்கு எத்தினை பேர் எண்டு கதைச்சனாங்கள். இதைக் கதைக்கேல்லை.”

அருட்செல்வம் சுவரைப் பார்த்துக்கொண்டு, மொழிபெயர்ப்பதைப் போலவே, ஒவ்வொரு வசனமாகச் சொன்னார்.

“விழுந்தவர். நெஞ்சு நோகுது எண்டார். நான் ஆங்கிலத்திலை சொன்னன். அவங்கள் அசையேல்லை. அசையக்கூடாது எண்டுதானே படிப்பிச்சது. மெய்யா நோகுது எண்டார். அதையும் சொன்னன். ஒரு பெட்டை காலெடுத்து வைச்சிட்டு, ரூஸ்தாட்டைப் பாத்திட்டுத் திரும்ப நிண்டிட்டாள். ரூஸ்தாட் மணிக்கூட்டைப் பாத்தார். தாளிலை என்னமோ எழுதினார்.”

“என்ன எழுதினவர்?”

“நான் பக்கத்திலைதானே நிண்டனான். ‘முந்திவிட்டார்’ எண்டு எழுதினவர்.”

நடைபாதையின் மறுமுனையில் யாரோ ஒரு குழந்தைக்குப் பனிச்சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். கால் உள்ளே போகவில்லை.

“பிறகு அவர் என்னைப் பாத்து...” மாமாவின் குரல் முதல்தடவையாக இடறியது. “அங்கை என்னை ஐயா எண்டுதானே கூப்பிடுவார். பதினொரு வருசமும் ஐயா எண்டுதான். அண்டைக்கு மச்சான் எண்டார். மச்சான், இது நாடகமில்லை எண்டார்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“இது நாடகமில்லை எண்டு சொல்லுறார் எண்டு சொன்னன்.”

“மச்சான் எண்டதை?”

“அதைச் சொல்லேல்லை.”

“ஏன்?”

“சொல்லுறதை மட்டும் சொல்லோணும், நாங்களாக ஒண்டும் சேக்கக்கூடாது. அதுதான் சட்டம்.”

“நீங்கள் சேக்கேல்லை மாமா. கழிச்சனீங்கள்.”

அவர் சுவரில் சாய்ந்தார். அறுபது வயது மனிதர். ஒஸ்லோவில் தமிழருக்கு வைத்தியசாலையிலும் நீதிமன்றத்திலும் வாயாக இருந்தவர். தக்சிலாவுக்கு ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுப் பேசியவரும் அவர்தான்.

“எவ்வளவு நேரம்?” என்றாள்.

“பாடம் முடியுமட்டும். ஒன்பது நிமிசம். கூடவும் இருக்கும்.”

“உங்களுக்கு மெய்யெண்டு தெரியுமா?”

அவர் கண்ணாடியை மூக்கில் மேலே தள்ளினார். பிறகு, “மச்சான் எண்ட உடனை தெரியும்,” என்றார்.

அடிக்க வேண்டும் போலிருந்தது. ஒரு கணம் அவளுடைய கை உண்மையிலேயே உயர்ந்தது. அதை யாரோ பின்னாலிருந்து பிடித்தார்கள். அம்மா.

“விடு தக்சி,” என்றாள் சிவநாயகி. “எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ரெண்டாம் நாளே வந்து சொன்னவர். என்ரை காலிலை விழுந்தவர். தமையன் தங்கச்சியின்ரை காலிலை விழுறதை நீ எங்கையும் பாத்திருக்கிறியோ?” அம்மாவின் குரலில் அழுகை இல்லை. “அண்ணைதான் எங்களை இஞ்சை எடுத்தவர். அந்தப் படம் வெளியிலை வந்தால் அவர் இனி ஒருத்தற்றை முகத்திலையும் முழிக்கேலாது. போனவர் போட்டார். இருக்கிறவையை நான் பாக்கோணும்.”

“அப்ப அப்பாவை ஆர் பாக்கிறது?”

“மண்டபத்துக்குப் பேர் வைக்கினமாம். கேட்டனிதானே.”

“ஓமம்மா. அந்த மண்டபத்துக்கு முன்னாலைதான் வாற வருசமும் ஒருத்தன் விழப்போறான். ஓடிப்போய்ப் பாக்கிறவன் தோத்தவன் எண்டு படிப்பிக்கப்போகினம். நான்தான் அதுக்கு நேரசூசி எழுதப்போறன். தை ரெண்டாம் திகதியிலையிருந்து.”

அம்மா அவள் கையை விட்டாள். எதற்காக விட்டாள் என்று தக்சிலாவுக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

ரூஸ்தாட் மேலங்கியை மாட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டி வாசல் பக்கம் நடந்தார். யாரிடமும் கைகொடுக்கவில்லை. செத்தவீட்டிலிருந்து போகும்போது விடைபெறக்கூடாது, சொல்லாமல்தான் போகவேண்டும் என்று பயிலுநர்களுக்கு அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். கேணலுக்கு அது இப்போது வசதியாக இருந்தது.

“ரூஸ்தாட்,” என்றாள் அவள். இரண்டு எட்டில் அவர் முன்னால் போய் நின்றாள்.

“தக்சிலா. நாம் அடுத்த கிழமை அலுவலகத்தில் அமைதியாக...”

“தாளில் என்ன எழுதினீர்கள்?”

அவருக்கு உடனே விளங்கியது. முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கண் மட்டும் ஒரு தடவை அவளுக்குப் பின்னால் நின்ற அருட்செல்வத்தைத் தொட்டு மீண்டது.

“அந்தக் கணத்தில் யாராலும் தெரிந்துகொண்டிருக்க முடியாது,” என்றார். “உன் அப்பா மிகத் திறமையாக...”

“நடித்தார் என்று சொல்லாதீர்கள்.”

அவர் தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“முதல் தடவை அவர் நடிக்கத்தான் செய்தார். நீங்கள் ஓடினீர்கள். அதைத்தான் அவர் பதினொரு வருடமாக எங்களுக்குச் சொன்னார், சாப்பாட்டு மேசையில், விருந்துக்கு வந்தவர்களிடம், கோவிலில். ஒருவன் ஓடி வந்தான் என்று. நீங்கள் ஏறியது அதற்குப் பிறகு. ஓடாமல் நிற்கக் கற்றுக்கொடுத்து ஏறினீர்கள்.”

“இது நியாயமில்லை,” என்றார் ரூஸ்தாட். முதல்தடவையாகக் குரல் தாழவில்லை. “நான் ஒவ்வொரு இரவும் அதை நினைக்கிறேன்.”

“அப்படியென்றால் பதிவு தேவையில்லை, உங்களுக்கு மனப்பாடம். அதைப் பொலிஸில் சொல்லுங்கள். நான் இப்போது அங்கேதான் போகிறேன். பதிவை அவர்கள் எடுப்பார்கள். இரண்டாம் திகதி என்னை எதிர்பார்க்கவேண்டாம்.”

கேணல் ஏதோ சொல்ல வாயெடுத்து, நடைபாதையில் தமிழ்ச் சனம் வந்து கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, தொப்பியை அணிந்துகொண்டார்.

“என்னவாம்? என்ன சொல்லுறாள்?” என்று யாரோ ஒரு மனிசி கேட்டாள். “கேணலோடை ஏன் கொளுவுறாள்?”

எல்லாரும் வழக்கம் போல அருட்செல்வத்தின் வாயைப் பார்த்தார்கள். அவர் உதட்டை நனைத்தார். ஒன்றும் வரவில்லை.

தக்சிலா மேலங்கிக் குவியலுக்குப் போனாள். எல்லாம் கறுப்பு. மூன்றைப் புரட்டித் தன்னுடையதைக் கண்டெடுத்தாள்.

“தக்சி,” என்றாள் அம்மா. “உன்ரை மாமாவைப் பற்றியும் சொல்லப்போறியோ?”

“கேட்டால் சொல்லுவன்.”

“கேக்காட்டில்?”

தக்சிலா பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் பூட்டினாள். கடைசிப் பொத்தான் பூட்டி முடிந்ததும் மாமாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“கேக்காட்டிலும்,” என்றாள்.

கதவைத் தள்ளினாள். வெளியே பனி விட்டிருந்தது. ஒரு சின்னப் பனியள்ளும் இயந்திரம் கல்லறைகளுக்கு நடுவேயிருந்த பாதையில் மஞ்சள் விளக்குச் சுழல எதிரே வந்தது. அவள் ஒதுங்கி முழங்கால் வரை பனிக்குள் இறங்கி நின்று அதைப் போகவிட்டாள். ஓட்டுநர் ஒரு விரலைத் தூக்கி நன்றி காட்டினார். பிறகு அது வழித்துவிட்டுப்போன கறுப்புத் தாரில் ஏறி, படலையை நோக்கி நடந்தாள்.